பூத்த

...இல்லை, ‘வெள்ளையான’ என்று போட்டால் தப்பு, ‘மங்கிய’ என்றாலும் முழுசாக வராது, பூத்த என்றால் உள்ளே இருப்பதை மூடிக்கொண்டு மேலே படர்ந்த கலங்கலான வெண்மை, நீறு பூத்த நெருப்பு, உப்புப் பூத்த சுவர், அதுவரை சரி, மூன்றாவது எடுத்துக்காட்டுக்கு எங்கே போவது, பழைய நூல் வேண்டாம் சார், இன்றைக்குப் புழங்குகிற வாக்கியமாகக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் அந்தப் பெண் சொல்லிவிட்டாள், காலமெல்லாம் அகராதி போடுகிறவருக்கு நேற்று வந்தவள் பாடம்... அகராதிக்காரர் நிமிர்ந்தார், மேஜைக்கு எதிரே மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், அடடா, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேனே, இவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை பூத்திருக்கிறதே, எவ்வளவுதான் தெரிகிறது இவளுக்கு, கேட்டால் மழுப்புவாள், அவள் காபித் தம்ளரை ஒற்றை விரலால் சத்தமில்லாமல் விளிம்புக்கு நகர்த்தினார், சும்மா ஒரு சோதனை, இதில் என்ன பாவம், அவள் கை வழக்கமான இடத்தில் துழாவியது, இன்னும் கொஞ்சம் தள்ளித் துழாவியது, தம்ளர் சாய்ந்து மடியெல்லாம் காபி.

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள், ஆக, பக்கத்தில் இருப்பதே தெரியவில்லை, முற்றிவிட்டது, ஆபரேஷன் எப்பப்பா என்று மகள் போனில் பிடுங்குகிறாள், அம்மாவுக்குப் பயம்மா, நான் என்ன செய்ய என்று சொல்லி வைத்திருக்கிறார், பயமாவது, ஆபரேஷன் ஆனால் குனியாதே, அடுப்புப் பக்கம் போகாதே என்பார்கள், அப்புறம் சமையல் யார் செய்வது, அகராதி முடியட்டும், அதுவுமில்லாமல் கண் பூத்ததிலிருந்து இவள் எவ்வளவோ தேவலை, முன்பெல்லாம் அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், தலை தொங்கிவிடும், உள்ளே போய்விடுவாள், இப்போது எதிரிலேயே உட்கார்கிறாள், சிரிக்கக்கூடச் சிரிக்கிறாள், வயசானால் பாசம் வருமோ, உங்கம்மா இப்ப தங்கம் என்று மகளிடம் பெருமைகூட அடித்துக்கொண்டார்... வந்துவிட்டது வாக்கியம்.

“இதக் கேளு. ‘கணவன் வரும் வழி பார்த்துப் பூத்த கண்கள்.’ எப்படி?”

“யாரு கண்ணு?”

“உன்னதுதான். அச்சுல ஏறப் போற, சந்தோஷப்படு.”

அவள் பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். “வழி பாத்து வந்ததில்லீங்க இது. ஆஸ்பத்திரியிலேர்ந்து ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்.”

“நீயா? ஏன்?”

“உங்க மூஞ்சி இருந்த எடத்துல இப்ப வெள்ளையா ஏதோ ஒண்ணு இருக்கு. கண்ணும் இல்ல, வாயும் இல்ல. கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்பதான் நிமிந்து உக்காந்திருக்கேன். அதப் போயி எதுக்கு உரிச்சு எடுக்கணும்?”

சொன்னதில் கோபம் இல்லை, குத்தல்கூட இல்லை, கறிக்கு உப்புக் குறைவு என்பதுபோலச் சொன்னாள், எவ்வளவு திமிர், ஆபரேஷனைத் தள்ளிப்போட்டது நானல்லவா, இவள் யார் வேண்டாம் என்பதற்கு... அவர் புருவத்தை நெரித்தார், உதட்டைக் கடித்து, கண்ணை இடுக்கி, அந்தப் பழைய பார்வையை அவள் மேல் நிறுத்தினார், நிறுத்தியபடியே காத்திருந்தார், அவள் நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், அடுத்த பூண்டுப் பல்லை எடுத்து நகத்தால் கீறினாள், எத்தனை நாளாக, எத்தனை மாதமாக இந்த முகத்தை இவளுக்கு நான் காட்டிக்கொண்டிருக்கிறேன், நெற்றி வலித்தது, நெரித்த புருவத்தை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை...