கூப்பிடும் விளக்கு

அந்த வீட்டில் குழந்தையைக் கூப்பிட விளக்கைப் போட்டு அணைப்பார்கள். ஒரு தடவை என்றால் "இங்கே பார்". இரண்டு தடவை என்றால் "சாப்பிட வா". இரண்டரை வயதில் அவளுக்கு அது நன்றாகப் பழகியிருந்தது. பெயர் என்று ஒன்று வைத்திருந்தார்கள். படிவங்களில் எழுத மட்டும் உதவியது.

காதில் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியை முதன்முதலாக இயக்கிப் பார்க்க அன்று காலை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். குழந்தையின் அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் அம்மாவுக்குத் துணையாக அவளுடைய அண்ணன், குழந்தையின் மாமா, வந்திருந்தான். டயர் கடைக்காரன். காற்றடிக்கும் இயந்திரத்தோடு போட்டி போட்டே வளர்ந்த தொண்டை.

எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்று அரசாங்கம் வரியைக் கூட்டிய வருடம், இந்தத் தொண்டைதான் தெருவுக்கே கேட்கும்படி கத்தியது. "எவன் வீட்டுக் காதுக்கோ மூக்குக்கோ நான் ஏன் தண்டம் அழணும்?" அப்போது குழந்தை அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்திலும் விழிக்கவில்லை. நல்ல தூக்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு குழந்தைக்குக் காது கேட்காது என்று தெரிந்தது. கருவியின் விலையும் தெரிந்தது. கடையை விற்றாலும் பாதிதான் தேறும் என்று அண்ணனுக்குப் புரிந்தது. கடைசியில் அந்த இலவச வைத்தியத்தில்தான் கருவி கிடைத்தது.

கருவியை இயக்கும் பெண் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "சில குழந்தைங்க திரும்பும், சிலது அழும், சிலது ஒண்ணுமே பண்ணாது. அதுக்காக மனசு விட்டுடாதீங்க."

குழந்தை தரையில் உட்கார்ந்து கம்பியில் வண்ண வளையங்களை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கணினியில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். பின்னால் மணி அடித்தாள். கிலுகிலுப்பை ஆட்டினாள். சிவப்பு வளையம், மஞ்சள் வளையம். குழந்தை நிமிரவில்லை.

அண்ணனுக்குப் பயம் வந்தால் பேச்சுதான் வரும்.

"நான் தெரியாமத்தான் கேக்கறேம்மா. இவ்வளவு விலை மெஷினு, வேலை செய்யலைன்னா யாரைப் போய்க் கேக்கறது? எல்லாம் நாங்க கட்டுற வரி..."

பச்சை வளையம் பாதியில் நின்றது. குழந்தை திரும்பினாள். அண்ணனைப் பார்த்தாள்.

அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

"நிறுத்தாதீங்க சார், பேசுங்க," என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"வரி..." என்றான். குரல் இறங்கிக் குழைந்தது. "வரி கட்டறோம்டா செல்லம்... வருஷா வருஷம் கட்டறோம்ல..."

குழந்தையின் கீழுதடு பிதுங்கியது. ஆனால் அழவில்லை. எழுந்து போய் அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

அம்மா அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, எனக்குச் சம்பளம் வருதுங்க. உங்க அண்ணன் கட்டறாராமே, அவர்கிட்ட நன்றி சொல்லுங்க," என்றாள் அந்தப் பெண்.

கேலிதான். ஆனால் அம்மா அண்ணன் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றிண்ணே," என்றாள். கூடப் பிறந்தவனிடம் அதுவரை சொல்லாத வார்த்தை.

"சும்மா இரு. நான் ஒருத்தனா கட்டினேன்?" அவன் சாவிக்கொத்தைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

வெளியே வரும்போது அம்மா எதிரே வந்தவர்களையெல்லாம் பார்த்தாள். துடைப்பத்தோடு நின்றவர், பேருந்துக்கு ஓடிய பெண், போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தவர். இவரும் கட்டியிருப்பார், இவளும். ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

மாலையில் சாப்பாட்டைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தாள். குழந்தை முதுகைக் காட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். கதவருகே அண்ணன் செருப்பைக் கழற்றிச் சத்தம் வராமல் கீழே வைத்தான்.

பழக்கத்தில் அம்மாவின் கை விளக்கு சுவிட்சுக்குப் போயிற்று. விரல் அதன்மேல் நின்றது. அவள் கையை எடுத்துவிட்டு, படிவங்களில் மட்டும் எழுதிய அந்தப் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள்.