சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் கடை வெப்சைட்டில் கைவைத்தவன் எந்த ஊர்க்காரன் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் ஆரணி பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். கட்டையில் போகிறவனே, எங்களிடம் அப்படி என்னடா இருந்தது? பட்டுப்புடவைப் படங்கள். அந்தப் படங்களில் என் தங்கை தீபா. அவ்வளவுதானே!

புடவை கட்டிக் காட்ட வெளியிலிருந்து ஆள் வைக்க எங்களுக்கு வசதி இல்லை. தீபாவே கட்டிக்கொண்டு நிற்பாள், நான் படமெடுப்பேன். "ஜல்தி எடுக்கா, பேஜாரு பண்ணிகினு கீற" என்று திட்டிக்கொண்டே சிரிப்பாள். கேமரா கார்டு சின்னது. வெப்சைட்டில் ஏற்றியதும் கார்டில் அழித்துவிடுவோம், வேறு எங்கேயும் எடுத்து வைத்ததில்லை. 2005 ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. சுவரில் மாட்டுவதற்குப் பள்ளிக்கூட அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கினோம். பட்டுப்புடவையில் சிரிக்கிறவளுக்கு மாலை போட நைனாவுக்கு மனசு வரவில்லை.

நைனா, அதாவது எங்கள் அப்பா மாணிக்கவேல், தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாக வெப்சைட்டைத் திறப்பார். டெலிபோன் லைனில் வருகிற நெட். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். முதலில் வகிடு, அப்புறம் நெற்றி, கண், சிரிப்பு. முந்தானை வரை வந்த பிறகுதான் அவர் காபி குடிப்பார்.

மறு வருஷம் சரஸ்வதி பூஜை அன்று மத்தியானம் சென்னையிலிருந்து போன். எங்கள் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிற ஜெயக்குமார்.

"மேடம், சைட்ட ஹேக் பண்ணிட்டாங்க. படமெல்லாம் அழிச்சிட்டு கண்டதையும் போட்டு வெச்சிருக்கான்."

"ஐயோ! திருப்பி எடுக்க முடியாதுங்களா?"

"நேத்து எடுத்த காப்பி இருக்குங்க. ஆனா இன்னைக்கு ராத்திரி அது மேலயே புது காப்பி ஏறிடும். அதுக்குள்ள உங்க மெயிலுக்கு வந்திருக்கிற லிங்க்க அமுக்குங்க. ஓனர் சரின்னு சொன்னாத்தான் நாங்க கை வைக்க முடியும்."

அந்த மெயில் எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும். அதன் பாஸ்வேர்டை தீபா அதிலேயே சேமித்து வைத்திருந்தாள். வேறு யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டரோ பூஜையில் இருந்தது. தராசு, கத்தரிக்கோல், இன்ச் டேப் எல்லாவற்றோடும் அதற்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. மறுநாள் காலையில் மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக் கூடாது. சாமியாவது பூதமாவது என்று சுவிட்சில் கை வைத்தேன். நைனா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம் பானு."

"தீபா போட்டோ அத்தனையும் பூடும் நைனா! நாளைக்குப் பாக்கணும்னா கூட இருக்காது!"

"போன வருசம் பூஜை அன்னிக்கு ஏதோ ஆர்டர் வந்துச்சின்னு அவ இதத் தொட்டா. நான் பாத்துகினு சும்மா இருந்தேன். மறு மாசம் அவ இல்ல."

"அதுக்கும் இதுக்கும் இன்னா நைனா சம்பந்தம்? காய்ச்சல் வந்துச்சி, செத்துட்டா!"

கத்திவிட்டேன். அவர் என் கையை விடவில்லை.

"போட்டோ போனா போவட்டும்மா. நீ இருக்கணும்."

சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். ஜெயக்குமார் மூன்று தடவை கூப்பிட்டார், நான் போனை எடுக்கவில்லை. சாமி முன்னால் வைத்த சுண்டலை அன்றைக்கு இரண்டு பேருமே தொடவில்லை.

மறுநாள் பூஜை முடிந்ததும் லிங்க்கை அமுக்கினேன். ஹேக் பண்ணினவன் போட்ட குப்பையை எல்லாம் ஜெயக்குமார் துடைத்தார், திருட்டுத்தனமாக உள்ளே வர வைத்திருந்த வழியை அடைத்தார், எனக்கே வாயில் நுழையாத பாஸ்வேர்டு ஒன்றை வைத்தார். புடவைப் பெயரும் விலையும் வேறு இடத்தில் பத்திரமாக இருந்ததால் திரும்பி வந்தன. "படம் மட்டும் வரலைங்க மேடம். இனிமே எவனும் உள்ள வர முடியாது, பயப்படாதீங்க" என்றார். யாருக்காக இந்தப் பூட்டு என்று கேட்க நினைத்தேன். பாவம், அந்த மனுஷன் என்ன செய்வார்!

புதுப் புடவைகளுக்கு நானே கட்டிக்கொண்டு நின்றேன். பழைய பக்கங்களில் மட்டும் வேறு படம் போடக் கூடாதென்று நைனா சொல்லிவிட்டார். அங்கே வெறும் கட்டமும் மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும்தான் இருந்தன.

இப்போதும் காலையில் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறார். கட்டத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் வைத்த காபி ஆறி ஏடு படிந்துவிடுகிறது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "இன்னா நைனா பாத்துகினு கீற?" என்றேன்.

"நெட்டு ஸ்லோவா கீதும்மா" என்றார்.

"ஆமா நைனா" என்று சொல்லிவிட்டு, காபியைச் சூடு பண்ண எடுத்துக்கொண்டு போனேன்.