கான்வென்ட் என்றால் என்ன, மதர்?

வாசலில் தொங்கிய கயிறு அழைப்பு மணிக்குத்தான் என்று நினைத்து இழுத்தேன். ஒரு தடவையோடு விட்டிருக்கலாம். யாரும் வரவில்லையே என்று ஆறு தடவை இழுத்துத் தொலைத்தேன்.

மடத்தில் யாருக்காவது உயிர் போகும் நேரத்தில்தான் அந்த மணியை அப்படி விடாமல் அடிப்பார்களாம். பதினேழு கன்னியாஸ்திரிகள் ஓடி வந்தார்கள். ஒருவர் கை நிறைய சோப்பு நுரை. ஒருவர் காலில் ஒற்றைச் செருப்பு. வயதான ஒருவரை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள்.

"யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. தங்கச்சியப் பாக்க வந்தேன்."

கூட்டத்தின் கடைசியில் நின்ற என் தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். ஒன்பது நாளில் அவளும் துறவு வாக்குறுதி கொடுக்கப் போகிறாள். நாலு நிமிடம் சேர்ந்தாற்போல் வாயை மூடியிருக்கத் தெரியாதவளுக்கு இங்கே என்ன வேலை? யாரோ மனதைக் கலைத்திருக்கிறார்கள். அது யார் என்று கண்டுபிடித்து, அவளைக் கையோடு அழைத்துப் போகத்தான் வந்திருந்தேன்.

என்னைப் பார்வையாளர் அறையில் உட்கார வைத்தார்கள். நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். என் சந்தேகமெல்லாம் கதவிலிருந்துதான் தொடங்கும். தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. சாவி, யாரும் எடுக்கக்கூடிய உயரத்தில் ஆணியில் தொங்கியது. என் சந்தேகம் இரட்டிப்பானது. இவ்வளவு தாராளமாக இருப்பவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

தலைமைச் சகோதரி தேநீர் கொண்டுவந்தார். சர்க்கரை தூக்கல். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

"கான்வென்ட்னா என்ன அர்த்தம், மதர்? உள்ள வச்சுப் பூட்டுறதுன்னுதானே?"

"லத்தீன்ல கூடி வர்றதுன்னு அர்த்தம். முன்னாடி ஆண் துறவிங்க இருந்த இடத்தையும் அப்படித்தான் சொல்லுவாங்க. போகப் போகத்தான் எங்களுக்குன்னு ஆயிடுச்சு. மொதல்ல அது கட்டடத்துக்கு வச்ச பேரில்ல, ஒண்ணா வந்து சேர்ந்தவங்களுக்கு வச்சது. இப்பதான் நீங்களே கூட்டிக் காட்டினீங்களே!"

சிரித்துவிட்டேன். உடனே சுதாரித்துக்கொண்டேன்.

"கூடி வந்தாங்க, சரி. வாலுவைக் கூட்டிட்டு வந்தது யாரு?"

"அதை அவகிட்டயே கேளுங்க" என்று எழுந்து போய்விட்டார். பார்த்தீர்களா, நழுவுகிறார்!

வாலு சிரித்துக்கொண்டே வந்து எதிரே உட்கார்ந்தாள். "ஏண்ணா, எந்த ஊருக்குப் போனாலும் மானத்தை வாங்காம வரமாட்டியா?"

"பேச்சை மாத்தாத. உன் மனசைக் கலைச்சது யாரு? பயமுறுத்தினாங்களா? இல்ல... அப்பா போனப்புறம் நான் உன்னைச் சரியாப் பாத்துக்கலையா?"

கடைசிக் கேள்வி என் பட்டியலிலேயே இல்லை.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"யாரும் கலைக்கலண்ணா. நானாத்தான் வந்து கேட்டேன். 'வீட்டுக்குப் போம்மா, நல்லா யோசி'ன்னு மதர் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது தடவை வாசப்படியிலயே உக்காந்துட்டேன். நீ என்னை நல்லாத்தான் பாத்துக்கிட்ட. எனக்கு இவங்களோட இருக்கணும், அவ்வளவுதான்."