தலைகீழாகப் படித்தாலும் எண்தான்

1

நான் டார்ச் விளக்கைச் சரியாகப் பிடிக்காததால் பிறந்த கதை இது. பக்கத்து வீட்டு வெண்டல் ஒரு சனிக்கிழமை காலை வேலிக்கு மேல் தலையை நீட்டி, "கை ஆடாம ஒரு லைட்டைப் பிடிப்பியா?" என்று கேட்டார். பிடிப்பேன் என்றேன். சிரிப்பு வந்தால் எனக்குக் கை ஆடும் என்பதை அப்போது சொல்லவில்லை.

முதல் வரியாக மூன்று எழுதிப் பார்த்தேன். அடித்தவை அப்படியே இருக்கட்டும்.

மிச்சிகனில், சாகினாவின் மேல் ஜூலை வெயில் மெல்ல — (வெயிலுக்கு இதில் வேலை இல்லை.)

ஓர் இன்ஜினுக்கும் அதன் காருக்கும் உள்ள உறவு என்பது — (கட்டுரை ஆகிவிடும். ஆகத்தான் போகிறது. முதல் வரியிலேயே வேண்டாம்.)

தன் கணவரின் காரில் இருப்பது வேறு ஏதோ காரின் இன்ஜினாக இருக்க வேண்டும் என்று மார்லிஸ் வேண்டிக்கொண்டாள்.

இது ஓடும்.

2

கார் 1969ஆம் வருடத்தது. இரண்டு கதவு, பச்சை நிறம். [கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டு எந்தக் கம்பெனி உசத்தி என்று சண்டைக்குப் போவார்கள். எங்கள் தெருவில் போயிருக்கிறார்கள்.] வெண்டல் இதை வாங்கி இருபத்திரண்டு வருடம். மழையில் நனைந்ததில்லை. கண்காட்சிக்குக்கூட டிரெய்லரில் ஏறித்தான் போகும். அங்கே பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு வெண்டலும் மார்லிஸும் அதன் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாலட் சாப்பிடுவார்கள். இருபத்திரண்டு கோடைகள் இப்படி. மார்லிஸ் ஒருமுறைகூட அதை ஓட்டியதில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பெரிய பாலத்தைத் தாண்டி, வடக்கே தங்கச்சி வீட்டு வாசலில் போய் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

தடை ஒன்றுதான்: எண் பொருத்தம்.

கல்யாணத்துக்கு நாம் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இவர்களுக்கு ஒன்று போதும். காரின் வரிசை எண் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு தகட்டில் இருக்கும். அதன் கடைசி ஆறு இலக்கங்களை ஆலையில் இன்ஜின் மேலும் குத்திவிடுவார்கள். இரண்டும் ஒன்றானால் பிறந்த அன்று ஏற்றிய இன்ஜின்தான் இன்னும் உள்ளே இருக்கிறது, கார் பொக்கிஷம். வேறானால் அது வெறும் கார். வெறும் காரை ஓட்டலாம்.

"பொருந்தலேன்னா சாவி உனக்குத்தான்" என்று வெண்டலே வாக்குக் கொடுத்திருந்தார். பொருந்தும் என்ற தைரியம். பார்த்துச் சொல்ல கார் சங்கத்தின் நடுவர் டெல்பர்ட் வந்திருந்தார்.

[முதல் வரைவில் மார்லிஸ் கணவரை "ஏங்க" என்று அழைத்தாள். வாசித்தபோது அவள் தலையில் யாரோ மல்லிகைப்பூ வைத்துவிட்டது போல இருந்தது. அவள் நாற்பத்தாறு வருடமாக அவரைக் கூப்பிடுவது "கிழவா" என்றுதான். கல்யாணத்தன்று அவருக்கு வயது இருபத்தைந்து.]

3

எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவசரக்காரர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம், ஆனால் வருத்தப்படுவேன்.

முதலில் வார்ப்புத் தேதி. உருக்கிய இரும்பை ஊற்றிய நாள் இன்ஜினின் உடம்பிலேயே புடைத்து நிற்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு வருடத்தின் கடைசி இலக்கம் மட்டும். மார்ச் 14, 1969 என்பது "சி 14 9". கார் செய்தது ஏப்ரலில். இன்ஜின் காருக்குச் சற்று முன்னால் பிறந்திருக்க வேண்டும்; பின்னால் பிறந்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. இங்கே முன்னால்தான்.

மார்லிஸின் முகம் தொங்கியது.

அடுத்து, எண் குத்திய சமதளம். அதைச் சீவிய கருவி தலைமுடிபோல மெல்லிய இணைகோடுகளை விட்டுப் போயிருக்கும். பழைய எண்ணை அரைத்தெடுத்துப் புது எண் குத்துகிற ஏமாற்றுக்காரர்களின் கையில் அந்தக் கோடுகள் அழிந்துவிடும். அதனால்தான் அங்கே உப்புத்தாளைக் கொண்டுபோனால் டெல்பர்ட் கையைத் தட்டிவிடுவார். துணி, கொஞ்சம் கரைப்பான், பொறுமை. அவ்வளவே.

"கோடெல்லாம் அப்படியே இருக்கு" என்றார் டெல்பர்ட், பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "யாரும் கை வெக்கல."

"நான் சொன்னேன்ல!" என்றார் வெண்டல்.

"நீ பேசாதடா. உன் மூச்சு பட்டே துரு பிடிச்சிரும்."

4

தகட்டில் 160891.

வெண்டல் முன்பக்கம் நின்று இன்ஜினைக் குனிந்து பார்த்தார். இலக்கம் இலக்கமாகப் படித்தார். "ஒண்ணு, ஆறு, சைபர், எட்டு, ஒம்பது, ஒண்ணு! மார்லிஸ், நாற்காலிய எடுத்து வண்டில போடு. அடுத்த வாரம் கண்காட்சி!"

எதிர்ப்பக்கம் நின்றிருந்த டெல்பர்ட், "இல்லையே" என்றார். "ஒண்ணு, ஆறு, எட்டு, சைபர், ஒம்பது, ஒண்ணு."

"கண்ணாடிய மாத்துடா."

"நீ தலைகீழா நிக்கிறே."

"நான் நேராத்தான் நிக்கிறேன். நீதான் தலைகீழ்!"

ஒரு தாளில் 168091 என்று எழுதித் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். காத்திருக்கிறேன்.

பார்த்தீர்களா? என் கை ஆடியது இங்கேதான்.

[கூர்மையான வாசகர் ஒருவர்: "ஒன்றுக்கு மூக்கு இருக்குமே, அதை வைத்துச் சொல்லலாமே?" இந்த அச்சில் ஒன்று வெறும் கோடு. மன்னிக்கவும், நானே மூக்கை வெட்டினேன். இதே வாசகர்: "எந்தப் பக்கம் நின்று படிக்க வேண்டும் என்று விதி இருக்குமே?" இருக்கிறது. ஆனால் குத்தியவர் அன்று எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு விதி ஏது?]

"டெல்பர்ட் சொல்றதுதான் சரி" என்றாள் மார்லிஸ்.

"நீ பாக்கவே இல்லையே!"

"பாக்காமலே தெரியுது கிழவா."

5

தீர்க்க ஒரு வழி உண்டு. எண்ணின் அருகில் ஆலையின் அடையாள எழுத்து ஒன்றும் குத்தியிருப்பார்கள். வெண்டல் நிற்கும் பக்கத்திலிருந்து அது நேராக நிற்கிறதா, தலைகீழா என்று பார்த்தால் போதும். [அந்த எழுத்து எச், எஸ், இசட் ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் தலைகீழாகவும் அதேதான். அப்படி எழுத எனக்கு ஆசை. என் மனைவி வேண்டாம் என்றாள்.] ஆனால் எழுத்தை ஓர் இரும்புத் தாங்கி மறைத்துக்கொண்டிருந்தது. தாங்கியை ஒரே ஒரு போல்ட் பிடித்திருந்தது. போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயிண்ட் பொட்டு.

அந்தப் பொட்டைப் பார்த்ததும் மூன்று பேரும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். நானும்தான், ஆனால் எனக்குக் காரணம் தெரியாது. பிறகு சொன்னார்கள்: ஆலையில் போல்ட்டை முறுக்கியவர், "முறுக்கிவிட்டேன்" என்பதற்கு அடையாளமாக வைத்த பொட்டு. ஐம்பது வருடத்துக்கும் மேலாகக் கீறல் விழாமல் இருக்கிறது. போல்ட் ஓர் இழை திரும்பினாலும் அது உடையும். உடைந்தால் கார் "கை படாதது" என்ற பட்டத்தை இழக்கும்.

"ஒரிஜினல்னு நிரூபிக்க ஒரிஜினலைக் கெடுக்கணுமா?" என்றார் வெண்டல்.

"பொட்டு போச்சுன்னா அதை அறிக்கையில எழுதத்தான் வேணும்" என்றார் டெல்பர்ட். "நண்பன்கிறதுக்காக மறைக்கமாட்டேன்."

"கை பட்ட காரை டிரெய்லர்ல ஏத்துவாங்களா டெல்பர்ட்?" மார்லிஸ் ரொம்ப அப்பாவியாகக் கேட்டாள்.

"எதுக்கு? அதுக்கப்புறம் ஓட்டிட்டே போலாம்."

"அப்ப கழட்டாம விட்டா?"

"எண் பொருத்தம்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன். பொருந்தலேன்னும் போடமாட்டேன்."

வெண்டல் ஸ்பானரைக் கையில் எடுத்தார். போல்ட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "நாப்பத்தாறு வருஷம் உன்னை நம்பினேன்" என்றார்.

"நான் உன்னை நம்பி இருபத்திரண்டு வருஷம் மடக்கு நாற்காலில உக்காந்தேன்."

6

மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில் எழுத்து நேராக நின்றது, வெண்டல் துள்ளினார், பொட்டு உடைந்திருந்தது. இரண்டாவதில் எழுத்து தலைகீழாக நின்றது; மார்லிஸ் துள்ளினாள்; வெண்டல் தானே கதவைத் திறந்துவிட்டார், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு. மூன்றாவதில் யாரும் கழற்றவில்லை, எல்லோரும் சாலட் சாப்பிடப் போய்விட்டார்கள், மார்லிஸ் என்னோடு

(அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். மூன்றாவதை எழுதியபோது அவள் நிஜமாகவே என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.)

ஆகவே வெண்டலின் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி உங்களிடம் தருகிறேன். அரை அங்குல ஸ்பானர். கார் அவருடையது என்பதால் அவரால் முடியவில்லை. நடுவர் என்பதால் டெல்பர்ட் தொடமாட்டார். நான் லைட்டைப் பிடித்திருக்கிறேன். நீங்கள் வெளியாள். உங்களுக்குத்தான் பொருத்தம்.

போல்ட் இடப்பக்கம் சுற்றினால் கழலும். முதல் கால் சுற்றுதான் கடினம், பிறகு தானே வரும். அவசரம் இல்லை, யோசித்துச் செய்யுங்கள்.

மார்லிஸ் மட்டும் யோசிக்கவில்லை. அவள் ஏற்கெனவே ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பின்பார்வைக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.