பீரோ கண்ணாடியில் ஒட்ட வேண்டிய பெயர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு பர்னிச்சர் கடைக்கு, எழுத உட்காருவதற்கு நாற்காலி வாங்கப் போனேன். பழைய நாற்காலி என் முதுகை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தது. போன இடத்தில் ஒரு தாயும் மகளும் கட்டிலும் பீரோவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து பார்க்கிறேன் பேர்வழி என்று அரை மணி நேரம் ஒட்டுக்கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மா பேசியதைக் கேட்டிருந்தால் நீங்களும் எழுந்திருக்க மாட்டீர்கள். இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவன், வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2

முதல் வரியைப் பல தடவை எழுதிப் பார்த்தேன்.

'மலையிலிருந்து இறங்கி வந்த செந்தமிழ்ச்செல்வியின் கண்களில் ஆயிரம் கனவுகள்...'

சீ.

'அந்தக் கடையில் பதினேழு கட்டில்கள் இருந்தன. அவற்றில்...'

இருந்தால் இருக்கட்டும், யாருக்கு என்ன?

நேராகவே சொல்கிறேன், காதில் விழுந்தது பாதி, நான் ஊகித்தது பாதி. செந்தமிழ்ச்செல்விக்கு முப்பத்து மூன்று வயது. வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மணி நேரம் நடந்தால் அவள் ஊர். (ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அவள் பெயரும் நான் வைத்ததுதான்.) சர்க்கரை ஆலை ஒன்றில், கரும்புச் சாற்றின் இனிப்பை அளந்து சொல்கிற வேலை. ஆறு வருஷம் லேடீஸ் ஹாஸ்டலில் ஒரே அறையில் நாலு பேரோடு காலம் தள்ளினாள். இப்போது சங்கராபுரம் ரோட்டில் புதிதாகக் கட்டிய அபார்ட்மெண்டில், இரண்டாவது மாடியில், வாடகைக்கு வீடு பிடித்துவிட்டாள். தனியாக இருக்கப்போகிறாள். கல்யாணம் வேண்டாம் என்று எப்போதோ சொல்லியாகிவிட்டது.

'தனியாக' என்ற சொல் மலை ஏறியதுதான் தாமதம், அவள் அம்மா சின்னப்பொண்ணு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நின்றாள்.

"வூட்டப் பாக்கறேன். எம் மனசுக்கு ஒப்பலன்னா சாயங்கால பஸ்ல ஒன்னையும் ஏத்திக்கினு போய்டுவேன்."

முப்பத்து மூன்று வயதுப் பெண்ணை அப்படியெல்லாம் ஏற்றிக்கொண்டு போக முடியாது என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் அம்மா வாயால் ஒரு சம்மதம் வராமல் அந்த வீட்டில் தன்னால் நிம்மதியாகக் கண்மூட முடியாது என்பது செல்விக்கு மட்டும் தெரியும்.

வீட்டைப் பார்த்தாள் சின்னப்பொண்ணு. கதவைச் சாத்தினாள், திறந்தாள், தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். "சாமான் இல்லாத வூட்டப் பாத்து இன்னாத்தச் சொல்றது" என்றாள். அதனால் கடைக்கு வந்தார்கள்.

3

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. ஆனால் அடிக்குறிப்பை நீங்கள் படிக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். செல்வியின் ஊருக்கு வண்டிப் பாதை வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அந்த வீட்டுக்குள் போன ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவர் தலையில் ஏறிப் போனது. தலையில் ஏறாத பொருள் வீட்டுக்குள் வராது. அவ்வளவுதான் அங்கே கணக்கு.)

அதனால்தான் செல்வி அந்தப் பீரோவின் முன்னால் அப்படி நின்றாள். நீலச் சாம்பல் நிறம், அவளைவிட ஒரு சாண் உயரம், கதவில் ஆளுயரக் கண்ணாடி. தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. இதை யாரும் தலையில் வைத்து எடுத்துப் போய்விட முடியாது. வைத்த இடத்தில் நிற்கும். தானும் அப்படி ஓர் இடத்தில் நிற்கப்போகிறோம் என்று நினைத்ததும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பயமாகவும் இருந்தது.

4

கடைக்காரர் காசிநாதன் வந்தார்.

"கல்யாணம் எப்பங்க?"

கல்யாணமா என்று கேட்கவில்லை பாருங்கள். எப்போது என்றுதான் கேட்டார். அவர்மேல் தப்பில்லை. கட்டில், மெத்தை, பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள் என்று வரிசையாகப் பார்த்தால் இந்தப் பக்கம் அது சீர்தான். தான் படுக்கத் தானே கட்டில் வாங்கும் பொம்பளையை அவர் அந்தக் கடையில் பார்த்ததில்லை.

செல்வி வாயைத் திறப்பதற்குள் சின்னப்பொண்ணு சொல்லிவிட்டாள்.

"தை மாசங்க."

கண்கூட இமைக்கவில்லை. (முதல் பிரதியில் இந்த இடத்தில் அவளைப் பொல்லாத அம்மாவாக எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டேன். நாலு பேர் நடுவில் மகளை ஒருவன் ஏற இறங்கப் பார்த்துவிடக் கூடாது என்று பயந்தவள் அவள்.)

"மாப்ள எந்த ஊருங்க?"

"ரிஷிவந்தியம் பக்கம். கரண்டு ஆபீஸ்ல வேல."

"ஆளு ஒசரமா? கட்டிலுக்குத்தான் கேக்கறேன்."

"ஒசரமா? குனியாம வூட்டுக்குள்ள வர முடியாதுங்க. சாது. ஆனா தூக்கத்துல பொரண்டுக்கினே இருப்பாராம், அவங்கம்மா சொல்லிச்சு."

காசிநாதன் யோசித்தார். முதலில் காட்டிய கட்டிலைத் தள்ளிவிட்டு, நீளத்திலும் அகலத்திலும் ஜாஸ்தியான ஒன்றைக் காட்டினார். அடேயப்பா, இல்லாத மனுஷனுக்காக ஒரு கட்டில் நீண்டுபோனதை என் கண்ணால் பார்த்தேன். நான் மூன்று மாதம் மாரடித்து உருவாக்கும் ஆளுக்கு நிழல்கூட விழுவதில்லை. இவள் நாலு வாக்கியத்தில் ஒருவனுக்கு உயரம் கொடுத்து, வேலை வாங்கிக் கொடுத்து, தூங்கவும் வைத்துவிட்டாள். செல்விக்கே அவனைக் கொஞ்சம் பிடித்துவிட்டது. பிடித்ததில் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

5

வினை அடுத்த நிமிஷம் வந்தது.

"கல்யாண செட்டுக்கு பீரோ கண்ணாடில ஜோடி பேரு ஒட்டிக் குடுத்துடுவோங்க" என்று காசிநாதன் சிவப்பு ரேடியம் தாளை விரித்து பிளேடை எடுத்தார். "பொண்ணு பேரு?"

சின்னப்பொண்ணு சொன்னாள். அவர் பொறுமையாக வெட்டினார். செந்தமிழ்ச்செல்வி. கண்ணாடியின் இடது பக்கம் ஒட்டினார்.

"மாப்ள பேரு?"

அத்தனையும் படைத்தவள் பெயர் வைக்க மறந்துவிட்டாள். நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

சின்னப்பொண்ணு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இன்னாங்க நீங்க, மருமவன் பேர மாமியாக்காரி வாயால சொல்றதா? பொண்ணு சொல்லும், கேளுங்க."

காசிநாதன் செல்வியின் பக்கம் திரும்பினார்.

6

இங்கே நான் பல நாள் மாட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு முடிவில் செல்வி ஏதோ ஒரு பெயரைச் சொல்கிறாள். அதை ஒட்டிக்கொண்டு பீரோ மாடி ஏறுகிறது. தினமும் காலையில் அவள் தலை சீவும்போது, பிறக்காத ஒருவன் பெயர் தோள்மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கம் எழுதினேன், பயந்து நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றில், 'கல்யாணமே இல்லீங்க, எனக்குத்தான் வாங்கறேன்' என்று போட்டு உடைக்கிறாள். நியாயந்தான். உடனே சின்னப்பொண்ணு தலையைக் குனிந்து...

அந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவதில் நான் எழுந்து என் பெயரையே சொல்லிவிடுகிறேன். சிரிக்காதீர்கள். எழுதியவனுக்கு அப்படியும் தோன்றும். (என் மனைவி படித்துவிட்டு, அந்தக் கட்டிலுக்கு நீங்கள் குள்ளம் என்றாள்.)

7

நடந்தது இதுதான். இதில் என் கற்பனை ஒரு சொட்டுக்கூட இல்லை.

செல்வி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"ஒரு பேரு போதுங்க" என்றாள் செல்வி, மெதுவாக.

"ஒரு பேரா? இங்க பாரும்மா, பாதிக் கண்ணாடி காலியா கெடக்கும். மாப்ள கோச்சிக்க மாட்டாரா?" காசிநாதன் அம்மாவைக் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா."

சின்னப்பொண்ணு கண்ணாடியின் அருகே போனாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பு எழுத்துகளின்மேல் முதலிலிருந்து கடைசிவரை விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். அது முடிகிற இடத்தில் நிறுத்தினாள். அங்கிருந்து காலியாகக் கிடந்த கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவளும், அவளுக்குப் பின்னால் மகளும் தெரிந்தார்கள்.

"மாப்ள வந்தா அவரு பேர அவரே ஒட்டிக்கட்டும்" என்றாள். "வூடு எம் பொண்ணோடது."

காசிநாதன் பிளேடை மூடி வைத்தார். செல்வி பீரோவின் அந்தப் பக்கமாகப் போய், யாருக்கும் முகம் தெரியாமல் நின்றுகொண்டாள்.

ஒரே மூச்சில் சின்னப்பொண்ணு மகளுக்குச் சம்மதத்தையும் கொடுத்து, கடைக்காரர் முன்னால் மாப்பிள்ளையையும் சாகாமல் காப்பாற்றிவிட்டாள். இருபது வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு வரி வந்ததில்லை. அவள் சொன்னதற்குப் பக்கத்தில் இன்னும் ஏதாவது எழுதினால் அது என் மட்டமான வரியாகத்தான் இருக்கும். உங்களிடம் நல்லதாக ஒன்று இருந்தால் கீழே எழுதிக்கொள்ளுங்கள். நான் அவள் பக்கமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நாற்காலி வாங்காமலே வெளியே வந்தேன்.