சார் சொன்ன தேதி

இரண்டாம் வகுப்பின் அறைத் தரையில் நான்கு கமாக்கள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தன. அவற்றில் ஒன்றுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கமாக்களுக்கு இடையிடையே ஐந்து பிள்ளைகள் விறைப்பாக நின்றுகொண்டு, தங்கள் பையிலிருந்து எடுத்த பொருளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள். பென்சில், ரப்பர், குடை, தண்ணீர் பாட்டில், ஒற்றை சாக்ஸ். அந்த சாக்ஸ் பைக்குள் எப்படி வந்தது என்று வாத்தியார் கேட்கவில்லை. இந்த வயதுப் பிள்ளைகளின் பைக்குள் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று ஆராயப் புகுந்தால் பாடம் நடத்தின மாதிரிதான். அவர் வரிசைக்கு முன்னால் நடந்தபடி ஒவ்வொரு பொருளையும் தொட்டுத் தொட்டு வாசித்தார். கமாவிடம் வந்ததும் அதன் தலையில் லேசாகத் தட்டிக் கொஞ்சம் நின்றார். வகுப்பு மொத்தமும் அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

புத்தகத்தில் அதற்குக் காற்புள்ளி என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்ன அன்றே, இப்போது மூக்கு ஒழுக உட்கார்ந்திருக்கும் கமா எழுந்து, அதற்குக் கால் எங்கே என்று கேட்டுவிட்டான். அவனுடைய அப்பா வீட்டிலேயே முடி வெட்டிவிடப் போய், பையனின் தலை காடும் மேடுமாக ஆகிவிட்டது. அதிலிருந்து அவன் தொப்பியைக் கழற்றுவதில்லை. ஆகவே வகுப்பில் அவனுக்குப் பெயரே தொப்பி. வாத்தியார் போர்டில் ஒரு புள்ளி வைத்து, கீழே வால் மாதிரி ஒன்றை இழுத்துவிட்டு, இதுதான் அதன் ஒற்றைக் கால் என்று ஒருவழியாகச் சமாளித்தார். பிள்ளைகள் நம்பவில்லை. கமா என்றே சொல்லிக்கொண்டார்கள்.

எந்த வகுப்பு எடுத்தாலும், ஒவ்வொரு வருடமும் கமாவைப் பற்றிப் பேசும்போது அவர் இன்னொன்றும் சொல்வதுண்டு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அடித்துக்கொள்கிற இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பிள்ளையை உட்கார வைப்போம் இல்லையா, அந்தப் பிள்ளைதான் கமா என்பார். உடனே ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுச் சண்டைகளை அவிழ்த்துவிட, வகுப்பு களைகட்டிவிடும். இந்த வருடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மூன்றாவது பெஞ்சில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள்.

எலி என்றுதான் அவளைக் கூப்பிடுவார். பென்சிலின் பின்பக்கத்தைக் கொறித்தே தீர்த்ததால் வந்த பெயர். முன்பற்கள் இரண்டும் விழுந்த பிறகும் கடைவாயால் கொறித்தாள், அதனால் பெயரும் போகவில்லை. வீட்டில் அவரை நீ, வா, போ என்று ஆட்டிவைக்கிறவள், பள்ளிக்கூட கேட்டுக்குள் கால் வைத்ததும் 'சார்' என்பாள், 'நீங்க' என்பாள். அது தலைமையாசிரியை போட்ட நிபந்தனை. அவரும் மனைவியும் பிரிந்து தனித்தனி வீடானபோது மகள் அம்மாவோடு போனாள். சனி, ஞாயிறு மட்டும் அப்பாவிடம். மற்ற நாட்களிலும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, கெஞ்சிக் கூத்தாடி நான்காம் வகுப்பை விட்டுவிட்டு இரண்டாம் வகுப்பை வாங்கிக்கொண்டார். கேட்டுக்குள்ளே அப்பா, மகள் என்ற பேச்சே இருக்கக்கூடாது என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லைக் காப்பாற்றியது மகள்தான். அவர் அவ்வப்போது வாய் தவறி 'எலிக்குட்டி' என்றுவிடுவார். அவள் கண்ணை உருட்டி, 'சார்' என்று அதட்டுவாள்.

இன்றைக்கு மதியம் அவளுடைய அம்மா வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். கட்டட வரைபடம் போடும் வேலை அம்மாவுக்கு. கடல் தாண்டிய ஊர் ஒன்றில் பெரிய இடத்தில் வேலை கிடைத்து, இன்று மாலை விமானம். திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. அவரிடம் ஒளிக்காமல் அதைச் சொல்லித்தான் சம்மதம் கேட்டாள். தாயை விட்டு அந்தப் பிள்ளை இருக்காது என்று அவருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பெட்டி கட்டுவதைப் பார்த்து மகள் கேட்டதற்கு, வீடு மாறுகிறோம் என்று மட்டும் அம்மா சொல்லிவைத்திருந்தாள். மீதியைச் சொல்கிற பொறுப்பை வாத்தியார்தான் வலியக் கேட்டு வாங்கிக்கொண்டார். தான் சொன்னால் குழந்தை பயப்படாது, பக்குவமாக எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியருக்குத் தெரியாதா என்றெல்லாம் பெருமை பேசினார். அப்புறம் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்ததோடு சரி. திங்கட்கிழமை அவளுக்கு லேசான காய்ச்சல், எனவே சொல்லவில்லை. புதன்கிழமை அவள் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்து துள்ளிக்கொண்டிருந்தாள், எனவே சொல்லவில்லை. சாக்குக்கா பஞ்சம்? இன்று காலை அவள் அம்மா போனில் கேட்டாள், "சொல்லிட்டீங்களா?" சேர்ந்து வாழ்ந்த காலமெல்லாம் அவரை 'நீ' என்றும், கொஞ்சலோ கோபமோ வந்தால் 'டா' என்றும் அழைத்தவள். பிரிந்த பிறகு இந்த 'நீங்க' வந்து ஒட்டிக்கொண்டது. எந்தத் திட்டையும்விட அந்த மரியாதைதான் அவரைக் குத்தியது. இன்றைக்குக் கட்டாயம் சொல்லிவிடுகிறேன் என்றார்.

சொல்வதற்கு இருந்த காலை முழுவதையும் அவர் கமாவுக்கே கொடுத்தார். வரிசை முடிந்ததும் தேதிக்குப் போனார். நாளுக்கும் வருடத்துக்கும் நடுவில் கமா வராவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு என்ன ஆகும் என்று காட்ட, போர்டில் 'மார்ச் 92018' என்று எழுதினார். தொண்ணூற்றிரண்டாயிரத்துப் பதினெட்டாம் வருடத்து மார்ச் மாதம் வருவதற்குள் அழிந்துபோன டைனோசரே திரும்பி வந்துவிடும் என்றதும் வகுப்பு சிரித்துப் புரண்டது. பிறகு ஒன்பதுக்குப் பக்கத்தில் கமாவைப் போட்டு, இதோ இன்றைய தேதி என்றார். ஒவ்வொருவரும் வந்து தாங்கள் காத்திருக்கிற ஒரு தேதியை எழுத வேண்டும் என்று சொல்லிப் போர்டு பேனாவை நீட்டினார். இது பாடத்திட்டத்தில் இல்லாதது. மணி அடிக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு போக அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி அக்காவின் கல்யாணத் தேதியை எழுதினாள். ஒருவன் கைக்கட்டு அவிழ்க்கிற தேதியை எழுதினான். தொப்பி தன் பிறந்தநாளை, ஆகஸ்ட் 4, 2018 என்று பெரிதாக எழுதி, கமாவுக்கு மெனக்கெட்டு ஒரு கால் வரைந்து, அந்தக் காலுக்குச் செருப்பும் மாட்டிவிட்டான். அன்றைக்குத் தலைமுடி முழுசாக வளர்ந்திருக்கும், எல்லாரும் வீட்டுக்கு வர வேண்டும் என்று அழைப்பும் விடுத்தான். கடைசியாக எலி வந்தாள். குதிகாலைத் தூக்கி நின்று, மார்ச் 10, 2018 என்று எழுதினாள். கமாவைப் போட்டுவிட்டு ஒரு நொடி அதையே சரிபார்த்தாள்.

"நாளைக்கு என்ன விசேஷம்?" என்று வாத்தியார் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"நாளைக்கு எங்க அப்பா என்னை நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போறார், சார்," என்றாள் அவள். "ஆழமா இருக்கிற பக்கத்துக்கு. உங்களுக்குத் தெரியாது, எங்க அப்பா நல்லா நீச்சல் அடிப்பார்."

பிள்ளைகளுக்கு இது பழகிப்போன விளையாட்டு, யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் போர்டு பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அவள் எழுதியது சரியாக இருக்கிறது என்று ஒரு டிக் போட்டார். போட்ட இடத்திலேயே இன்னொரு டிக்கும் போட்டார். வகுப்பை எதிர்கொள்ளத் தைரியம் வருகிற வரைக்கும் அவருக்கு அந்த வேலை தேவைப்பட்டது. அப்போது மணி அடித்தது.

பிள்ளைகள் சாப்பிட ஓடிய பிறகு, எலியின் பையை எடுத்துக்கொண்டு, அவளை விளையாட்டுச் சாமான் அறைக்கு அழைத்துப்போனார். காற்றிறங்கிய பந்துகளும் சுருட்டிவைத்த பாய்களும் கிடந்த அறை. ஒரு பாய்ச் சுருளின் மேல் அவளை உட்கார வைத்துவிட்டு, எதிரில் தரையில் உட்கார்ந்தார். சார் தரையில் உட்கார்ந்தது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மா வருவாள், அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, இன்றைக்கே விமானத்தில் போகிறீர்கள் என்று ஒரே மூச்சில் கொட்டினார். விமானம் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. ஜன்னல் ஓரத்து சீட்டு கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்றார். பிறகு அவளாகவே ஒவ்வொன்றாக யோசிக்க ஆரம்பித்தாள். அப்படியானால் நாளைக்கு நீச்சல் குளம்? இல்லை. நீங்கள் வரவில்லையா? இல்லை, பள்ளிக்கூடம் இருக்கிறதே. மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. கீழுதட்டைப் பல் இல்லாத இடத்துக்குள் மடித்துக்கொண்டாள். அழுகை வருவதற்கு முன் அவள் எப்போதும் செய்வது அது.

"எப்போ திரும்பி வருவோம்?"

இதைச் சொல்வதற்குத்தான் அவர் அவளை இங்கே கூட்டிவந்தது. வரமாட்டீர்கள், நான் வந்து உன்னைப் பார்ப்பேன், அது எப்போது என்று எனக்கும் தெரியாது. இவ்வளவுதான். இதைச் சொல்லிக் கட்டிக்கொண்டிருந்தால் அவள் அழுதிருப்பாள், அவரும் சேர்ந்து அழுதிருப்பார், இரண்டு பேரும் அழுது முடித்திருப்பார்கள். ஆனால் அந்த உதடு நடுங்கியதை அவரால் பார்க்க முடியவில்லை. மனதில் ஒரு தேதியும் இல்லை, போர்டில் பிள்ளைகள் எழுதியவை மட்டும்தான் கண் முன்னால் நின்றன.

"ஆகஸ்ட் நாலு," என்றார்.

அவள் நம்புவதா வேண்டாமா என்று அவரையே பார்த்தாள். அவளுக்கு அவருடைய லட்சணம் தெரியும். வீட்டில் அப்பா ஆயிரம் புளுகு விடுவார். குளியலறைக் குழாய்க்குள் முதலை இருக்கிறது என்பார், விழுந்த பல்லை மண்ணில் நட்டால் பல் மரம் முளைக்கும் என்பார். பள்ளிக்கூடத்தில் சார் சொல்வது வேறு. அதைப் பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கும்.

"அப்பாவா சொல்றீங்களா, இல்ல சாரா சொல்றீங்களா?"

"சாராத்தான் சொல்றேன்," என்றார்.

உடனே அவள் முகம் தெளிந்துவிட்டது. அது தொப்பியின் பிறந்தநாள் ஆயிற்றே, அவன் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறானே, விமானத்தை விட்டு இறங்கியதும் நேராக அங்கேயே போய்விடலாமா என்றாள். போகலாம் என்றார். ஒன்று சொன்னவருக்கு இரண்டாவது சுலபமாகவே வந்தது. மறந்துபோகாமல் இருக்க எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி இடது கையை விரித்து, பேனா கேட்டாள். அவருடைய சட்டைப் பையில் பால்பாயின்ட் பேனாவும் இருந்தது, போர்டு பேனாவும் இருந்தது. கை போர்டு பேனாவைத்தான் எடுத்துக் கொடுத்தது. துடைத்தால் போய்விடுகிற மை அது. வேண்டுமென்றேதான் எடுத்தாரா என்று அவரிடமே கேட்டாலும் பதில் வந்திருக்காது. எலி நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளங்கையில் மாதத்தை எழுதினாள், நாளை எழுதினாள், கமாவைப் போட்டாள், வருடத்தை எழுதி முடித்தாள். ஒரு பிழை இல்லை.

கேட்டருகே டாக்ஸி நின்றிருந்தது. அம்மா உள்ளே வந்து, நடைபாதையில் காத்திருந்தாள். அவளும் பல நாட்களாகத் தூங்கவில்லை என்பது கண்களைப் பார்த்தாலே தெரிந்தது. மகளை அணைக்கக் குனிந்தவள், தள்ளி நீட்டிப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தாள். மை பட்டுவிடும் என்று எலி எச்சரித்தாள்.

"என்னம்மா இது?"

"நாம திரும்பி வர்ற தேதி. சார் சொன்னார்."

அம்மா அதைப் படித்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, டாக்ஸியில் போய் ஏறிக்கொள்ளச் சொன்னாள். குழந்தை கொஞ்சம் தள்ளிப் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தத் தேதி வர்றப்போ நான்தான் பக்கத்துல இருப்பேன்," என்றாள். "நீங்க இருக்க மாட்டீங்க."

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. அவள் போய் ஏறுவதற்குள் மகளிடம் ஓடி, நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட நேரம் இருந்தது. கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் அவர் வெறும் அப்பா, எதையும் மாற்றிச் சொல்லலாம். ஓடியும் போனார். டாக்ஸியின் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே எலி அண்ணாந்து பார்க்கவில்லை. அவருக்கு அவளுடைய உச்சி வகிடும், உப்பிய கன்னமும்தான் தெரிந்தன. வலது கையால் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, எழுதியது கலைந்துவிடாமல் காய வேண்டும் என்று, தன் உள்ளங்கையில் ஊதிக்கொண்டிருந்தாள். டாக்ஸி நகர்ந்து, தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் ஊதிக்கொண்டே இருந்தாள்.