வந்துச்சா?

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் என் மகள் கால்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால்தான் அதன் பின்னாலிருக்கும் மலக்குடல் திரையில் தெளிவாகத் தெரியுமாம். அதனால் நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து அடக்கச் சொல்லியிருந்தார்கள். வண்டி நிறுத்த இடம் தேடிப் போன என் வீட்டுக்காரர் போனவர்தான். பிரசவத்தன்றும் அந்த மனிதர் வண்டிதான் நிறுத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் பொடிசு பிறந்தபோது அவளுக்கு ஆசனவாய் இல்லை. மலம் வெளியேற வயிற்றில் ஓட்டை போட்டுப் பை ஒட்டினார்கள், பிறகு புது வழி செய்தார்கள், பிறகு பையை எடுத்தார்கள். அந்தப் பை கசிந்து, பிஞ்சுத் தோல் வெந்து, அவள் கத்திய கத்தல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். வருஷத்துக்கு ஒருமுறை இந்த ஸ்கேன். மலக்குடல் விரிந்து தொளதொளத்துப் போனால் மறுபடி பை வைக்க வேண்டி வரலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால் நான் விடுவதில்லை. காலையில் கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று "வந்துச்சா?" என்று கேட்பேன். பதில் வரும்வரை கேட்பேன். வந்துச்சும்மா என்பாள், தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும், அப்புறம்தான் எனக்கு மூச்சே வரும்.

ஸ்கேன் டாக்டரம்மா தொணதொணவென்று பேசுகிறவர். ஜெல் தடவிப் பார்த்துக்கொண்டே, சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருக்கிறது, வீக்கம் இல்லை என்றார். அப்பாடா என்றிருந்தது. பிறகு கருவியைத் தொப்புளுக்குக் கீழே இறக்கினார். பேச்சு நின்றுவிட்டது. திரையில் ஒரு கோடு இழுத்தார், அழித்தார், மறுபடி இழுத்தார். வாயைத் திறந்துதான் தொலையுங்களேன் என்று கத்தத் தோன்றியது.

மலக்குடல் போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு அகலமாக இருக்கிறது, உள்ளே கெட்டியாக அடைத்திருக்கிறது, பல நாளாகச் சரியாகப் போயிருக்க முடியாது என்றார். நான் சண்டைக்கே போய்விட்டேன். தினமும் போகிறாள், நான் காவல் நிற்கிறேன், முதலில் உங்கள் மெஷினைச் சரிபாருங்கள் என்றேன்.

அவர் என்னோடு மல்லுக்கட்டவில்லை. பொடிசிடம் குனிந்தார்.

"கண்ணு, டெய்லி போறியாடா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "இல்ல. வலிக்குது. சும்மா தண்ணி ஊத்திட்டு வந்துடுவேன்."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"ஒரு நாள் வரலன்னு சொன்னேன். அம்மா மூஞ்சி எப்படியோ ஆயிடுச்சு. எனக்குப் பயமாயிடுச்சு."

இத்தனை நாள் அவளுக்காகப் பயப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவளோ என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள்.

மறுபடி பையா என்று எப்படியோ கேட்டுவிட்டேன். அதை ஆபரேஷன் டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும் என்றார். தினமும் எனிமா கொடுத்துக் குடலைக் காலி செய்யச் சொல்வார்கள், கொஞ்ச வாரம் கழித்து மறுபடி ஸ்கேன், சுருங்கியிருந்தால் தப்பித்தோம். ஆனால் குழந்தை உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் எதுவும் நடக்கும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஆபரேஷன் டாக்டரும் அதையேதான் சொன்னார். அன்று மாலை வீட்டில் முதல் எனிமா கொடுத்து உட்காரவைத்தேன். கதவுக்கு வெளியே நின்றேன். தொண்டைவரை வந்த கேள்வியை விழுங்கினேன். வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தாள்.

"வெறும் தண்ணிதாம்மா வந்துச்சு."

அந்தப் பை, அந்த வெந்த தோல், எல்லாம் கண்முன்னே வந்து நின்றன. பாழாய்ப்போன முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. அவள் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்லடா," என்றேன். "நாளைக்கும் பாப்போம்."

அவள் நகரவில்லை.

"அப்ப இன்னொண்ணும் சொல்லட்டா?" என்றாள். "சில நாள் ரத்தம் வருதும்மா."

கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ம்," என்றேன். "சொல்லு."